திமிங்கிலத்தின் விரல்களை எண்ணுங்கள்

எழும்பூர் அருங்காட்சியகத்துக்குப் பிள்ளைகளைக் கூட்டிப் போகும் பெரியவர்கள் பலருக்கு ஒரு வழக்கம் உண்டு. ஒரு கண்ணாடிப் பெட்டி முன்னால் பிள்ளை நின்றுவிட்டால் போதும், “வா வா, உள்ளே இன்னும் எவ்வளவோ இருக்கு” என்று கையைப் பிடித்து இழுத்துவிடுவார்கள். பள்ளிக்கூடத்திலிருந்து போனால் இன்னும் விசேஷம். முன்னால் போகிறவனின் சட்டைக் காலரைப் பார்த்தபடியே எல்லாக் கட்டடத்தையும் சுற்றி வந்து, மரத்தடியில் உட்கார்ந்து புளியோதரைப் பொட்டலத்தைப் பிரித்தால் சுற்றுலா முடிந்தது. என்ன பார்த்தாய் என்று கேட்டால் “நிறைய” என்று பதில் வரும்.

நிறையப் பார்க்க வேண்டாம். விலங்கியல் பகுதிக்குள் போய் திமிங்கிலம், யானை ஆகிய இரண்டு எலும்புக்கூடுகள் முன்னால் மட்டும் நில்லுங்கள். கால் வலிக்கிற வரைக்கும் நில்லுங்கள். நேரம் மிச்சமிருந்தால் மற்றதைப் பார்க்கலாம். வெள்ளிக்கிழமை மட்டும் போய்விடாதீர்கள், அன்று அருங்காட்சியகத்துக்கு விடுமுறை.

அந்தக் காலத்துச் சென்னைக்காரர்கள் இந்த இடத்தைச் ‘செத்த காலேஜ்’ என்றார்கள். உயிர்க்காட்சிசாலை அவர்களுக்கு ‘உயிர் காலேஜ்’. இரண்டும் ஒரு வீட்டுப் பிள்ளைகள்தான். 1851-ல் அருங்காட்சியகம் தொடங்கியபோது அதன் பொறுப்பில் இருந்தவர் எட்வர்ட் பால்ஃபர் என்ற மருத்துவர். வளாகத்தில் உயிருள்ள விலங்கு ஒன்றிரண்டை வைத்தால் கூட்டம் அலைமோதுகிறது என்று கண்டுகொண்டு, 1855-ல் அங்கேயே ஓர் உயிர்க்காட்சிசாலையையும் தொடங்கிவிட்டார். 1863-ல் அது சென்ட்ரல் ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில் இருந்த பூங்காவுக்குப் போனது. பிறகு 1985-ல் வண்டலூருக்குக் குடிபெயர்ந்தது. உயிருள்ளவை எல்லாம் கிளம்பிப் போய்விட, செத்தவை எழும்பூரிலேயே தங்கிவிட்டன. எனக்கு அந்தச் செத்தவை மேல்தான் ஆசை அதிகம். உயிருள்ள புலி நமக்கு முதுகைக் காட்டித் தூங்கும். எலும்புக்கூடு எவ்வளவு நேரம் உற்றுப் பார்த்தாலும் எழுந்து போகாது.

முதலில் திமிங்கிலம். தலையிலிருந்து வால் வரை ஒருமுறை நடந்துவிட்டு, திரும்பி வந்து அதன் துடுப்பைத் தேடுங்கள். வெளியே பார்த்தால் துடுப்பு. தோலும் சதையும் போன பிறகு பார்த்தால் அது ஒரு கை. தோளிலிருந்து ஒரு தடித்த எலும்பு வரும். அதன் முனையில் இரண்டு எலும்புகள் பக்கத்துப் பக்கத்தில் இருக்கும். அதற்கப்புறம் சின்னச் சின்னதாக மணிக்கட்டு எலும்புகள், அவற்றுக்கு அப்பால் விரல்கள். இப்போது உங்கள் இடது கையைத் தொட்டுப் பாருங்கள். தோளிலிருந்து முழங்கை வரை ஓர் எலும்பு, முழங்கையிலிருந்து மணிக்கட்டு வரை இரண்டு, பிறகு மணிக்கட்டு, பிறகு விரல். வரிசை மாறவே இல்லை. பக்கத்தில் வௌவால் எலும்புக்கூடு இருந்தால் அதையும் பாருங்கள். இறக்கையாகத் தெரிவதெல்லாம் நீண்டு போன விரல்கள்தான்.

திமிங்கிலத்தின் விரல்களை எண்ணுவதில் ஒரு சுவாரசியம் இருக்கிறது. சில வகைத் திமிங்கிலங்களுக்கு நம்மைப்போல ஐந்து விரல், நீலத் திமிங்கிலம் போன்ற சிலவற்றுக்கு நான்கு. கட்டைவிரலைத் தவிர நம்முடைய ஒவ்வொரு விரலிலும் மூன்று எலும்புகள் உண்டு, திமிங்கிலத்தின் நடுவிரல்களில் அதைவிட அதிகம். எழும்பூர்த் திமிங்கிலத்துக்கு எத்தனை என்று நான் சொல்லப்போவதில்லை. நீங்கள் போய் எண்ணுங்கள். வாயையும் பாருங்கள், பல் இருக்கிறதா? பல் இல்லாத திமிங்கிலங்கள் மேல்தாடையில் தொங்கும் சல்லடை போன்ற தகடுகளால் கடல் நீரை வடிகட்டி, அதில் மாட்டும் சிற்றுயிர்களைத் தின்பவை. அந்தத் தகடுகள் எலும்பு அல்ல. நம் நகம் எந்தப் பொருளால் ஆனதோ அதே பொருள். இன்னொரு வேடிக்கை, அந்தப் பல்லில்லாத திமிங்கிலத்துக்கும் தாயின் வயிற்றில் இருக்கும்போது பல் முளைகள் அரும்பி, பிறப்பதற்குள் மறைந்துபோகின்றன.

கழுத்தைப் பாருங்கள். எங்கே கழுத்து என்று தேட வேண்டியிருக்கும். தலைக்குப் பின்னால், அடுக்கி வைத்த தோசைகள் மாதிரி நெருக்கமாக எலும்புகள் ஒட்டிக்கொண்டிருக்கும். அதுதான் கழுத்து. எண்ணினால் ஏழு. உங்கள் கழுத்திலும் ஏழு. ஒட்டகச்சிவிங்கிக்கும் ஏழுதான், ஒவ்வொன்றும் நீளமாக இருக்கிறது, அவ்வளவே.

எங்கள் வீட்டு வாண்டு ஒருத்தி இந்த இடத்தில் ஒரு கேள்வி கேட்டாள். “மாமா, வால் எங்கே?”

“அதோ, முதுகெலும்பு போய் முடியுதே.”

“அது இல்ல. ரெண்டா விரிஞ்சிருக்குமே, படத்துல வருமே, அது.”

நல்ல கேள்வி. எலும்புக்கூட்டின் கடைசியில் எலும்புகள் சிறுத்துச் சிறுத்து ஒரு குச்சியாக முடிந்துவிடும். படத்தில் தண்ணீரைப் பளார் என்று அடிக்கிற அந்த அகன்ற வால் மடல்களுக்கு உள்ளே எலும்பே கிடையாது, உறுதியான தசைநார்த் திசு மட்டுமே. செத்ததும் அது அழுகிப் போய்விடும். ஆக, எலும்பு எல்லாவற்றையும் சொல்லிவிடாது. சிலவற்றை மறைத்தும் வைக்கும். இதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், யானையிடம் போகும்போது தேவைப்படும்.

வால் பற்றி இன்னொன்று. மீன் வாலைப் பக்கவாட்டில் ஆட்டி நீந்தும். திமிங்கிலம் வாலை மேலும் கீழும் ஆட்டும். ஏன்? தெருவில் நாய் தலைதெறிக்க ஓடும்போது அதன் முதுகைக் கவனியுங்கள். வளையும், நிமிரும், வளையும், நிமிரும், எல்லாம் மேலும் கீழுமாக. நாலு காலில் ஓடிய மூதாதையின் முதுகெலும்பு அப்படி வளையப் பழகியது. கால் போன பிறகும் பழக்கம் போகவில்லை. திமிங்கிலத்தின் வயிற்றுப் பகுதியில், முதுகெலும்போடு ஒட்டாமல், சின்னதாக இரண்டு எலும்புகள் தனியே சதைக்குள் புதைந்திருக்கும். இடுப்பெலும்பின் மிச்சம் அவை. காட்சிக்கு வைக்கும் எலும்புக்கூடுகளில் சில சமயம் அவற்றைக் கம்பியில் தொங்கவிட்டிருப்பார்கள், சில சமயம் இல்லாமலே போய்விடும். இருக்கிறதா என்று தேடிப் பாருங்கள்.

அப்படியானால் கரையில் நடந்த அந்த மூதாதை யார்? இந்தக் கதைக்கு நாம் எழும்பூரிலிருந்து காஷ்மீருக்குப் போக வேண்டும். இந்தியப் புவியியலாளர் ஏ. ரங்கா ராவ் காஷ்மீரின் காலாகோட் பகுதியில் பாறைகளைச் சேகரித்தார். அவற்றில் கிடைத்த ஒரு சில பற்களையும் தாடைத் துண்டுகளையும் வைத்து 1971-ல் ஒரு விலங்குக்கு ‘இந்தோஹியஸ்’ என்று பெயர் வைத்தார். மீதிப் பாறைகள் உடைக்கப்படாமலே கிடந்தன. அவர் காலமான பிறகு, அந்தப் பாறைகளை அவருடைய மனைவி ஹான்ஸ் தேவிசன் என்ற ஆய்வாளரிடம் ஒப்படைத்தார். தேவிசனின் ஆய்வகத்தில் பாறையிலிருந்து எலும்பை மெதுவாகப் பிரித்தெடுக்கும் வேலை நடந்தது. ஒருநாள் வேலை செய்துகொண்டிருந்தவரின் கை தவறி ஒரு மண்டையோடு உடைந்துவிட்டது. உடைந்த இடத்தில் காது எலும்பு தெரிந்தது. அதன் உட்பக்கச் சுவர் வழக்கத்துக்கு மாறாகத் தடித்திருந்தது. அப்படித் தடித்த காது எலும்பு திமிங்கிலக் குடும்பத்துக்கே உரிய அடையாளம்!

இந்தோஹியஸ் கடலில் நீந்திய பெரிய பிராணி அல்ல. ஏறக்குறைய 4.8 கோடி ஆண்டுகளுக்கு முன் வாழ்ந்த அது ஒரு பூனை அளவுதான் இருக்கும், காலில் குளம்பு உண்டு, பார்ப்பதற்குச் சருகுமான் ஜாடை. அதன் கால் எலும்பை வெட்டிப் பார்த்தபோது, வெளிச்சுவர் தடிப்பாகவும் எலும்பு கனமாகவும் இருந்தது. தண்ணீருக்கு அடியில் மிதக்காமல் நடக்க அந்தக் கனம் உதவும். நீர்யானைக்கும் அப்படித்தான். ஆப்பிரிக்காவில் இன்றைக்கும் ஒரு வகைச் சருகுமான், ஆபத்து வந்தால் ஆற்றுக்குள் குதித்து ஒளிந்துகொள்கிறது. இந்தோஹியஸும் அப்படி ஒளிந்த பிராணியாக இருக்கலாம் என்று தேவிசன் குழு 2007-ல் எழுதியது. இந்தோஹியஸின் பிள்ளைகள்தான் திமிங்கிலங்கள் என்று சொல்லிவிட முடியாது. திமிங்கிலங்களின் மூதாதைக்கு அது மிக நெருங்கிய சொந்தம், அவ்வளவு சொல்லலாம்.

ரங்கா ராவ் அந்தப் பாறைகளைச் சேகரித்தபோது திமிங்கிலத்தைத் தேடிப் போகவில்லை. அவை பல ஆண்டுகள் சும்மா கிடந்தன. இடத்தை அடைக்கிறது என்று யாராவது தூக்கிப் போட்டிருந்தால் கதை அங்கேயே முடிந்திருக்கும். அருங்காட்சியகங்களில் நாம் பார்க்கிற கூடங்களைவிட, நம் கண்ணில் படாத பின்னறைகளில் இருக்கும் பெட்டிகளும் இழுப்பறைகளும் எனக்கு முக்கியமாகப் படுவது இதனால்தான்.

இப்போது யானை. யானையின் மண்டையோட்டுக்கு நேர் முன்னால் நின்று பாருங்கள். நெற்றிக்குக் கீழே நடுவில் ஒரு பெரிய ஓட்டை. “ஒத்தைக் கண்ணு!” என்று கத்தத் தோன்றும். கிரேக்கர்களின் பழங்கதைகளில் நெற்றியில் ஒரே கண் உள்ள அரக்கன் வருவான். மத்தியதரைக் கடல் தீவுகளில் ஒரு காலத்தில் குட்டையான யானைகள் வாழ்ந்தன. அவற்றின் மண்டையோடுகளைக் குகைகளில் பார்த்தவர்கள்தான் அந்த அரக்கனைக் கற்பனை செய்திருக்க வேண்டும் என்று 1914-ல் ஓத்தேனியோ ஏபெல் என்ற அறிஞர் சொன்னார். நிரூபிக்க முடியாத ஊகம்தான், ஆனால் மண்டையோட்டைப் பார்க்கிறவர்களுக்கு நம்பத் தோன்றும். அந்த ஓட்டை கண் இல்லை, மூக்கு. கண்கள் இரண்டு பக்கமும் தள்ளி இருக்கும்.

மூக்கு இருக்கிறது. தும்பிக்கை எங்கே? திமிங்கில வாலின் கதைதான் இங்கேயும். தும்பிக்கையில் ஓர் எலும்புகூட இல்லை, முழுக்கத் தசை. யானையைப் பார்த்தே இராத ஒருவர் இந்த எலும்புக்கூட்டை மட்டும் வைத்து யானையை வரைந்தால் என்ன வரைவார்? தும்பிக்கை இருந்திருக்குமா? அந்த விசிறிக் காது? டைனோசர் படம் வரைகிறவர்களுக்கு இருக்கிற தலைவலி இதுதான். வளாகத்தில் டைனோசர் பொம்மைகள் இருக்கின்றன, நீங்கள் எப்படியும் முதலில் அங்கேதான் ஓடுவீர்கள், ஓடுங்கள். ஓடிப் போய் நிற்கும்போது ஒன்றைக் கேளுங்கள்: இந்த நிறம் இவர்களுக்கு எப்படித் தெரியும்? பெரும்பாலும் தெரியாது, ஓவியரின் கற்பனைதான். ஆனால் இறகு பதிந்த தொல்லெச்சங்கள் கிடைத்தால் கதை வேறு. சீனாவில் கிடைத்த சைனோசாரோப்டெரிக்ஸ் என்ற சிறிய டைனோசரின் இறகுகளில் நிறத்தைத் தாங்கும் நுண்துகள்களின் தடயம் இருந்தது. அதன் வால் செம்பழுப்பும் வெள்ளையுமாக வளையம் வளையமாக இருந்தது என்று 2010-ல் கண்டுபிடித்தார்கள். மறைத்து வைத்ததையும் சரியான ஆள் வந்து கேட்டால் தொல்லெச்சம் சொல்லிவிடும் போலிருக்கிறது.

யானையை விட்டுப் போவதற்கு முன் அதன் பாதத்தைப் பாருங்கள். யானை குதிகால் ஊன்றி நடக்கவில்லை, விரல் நுனியில் நிற்கிறது. அந்த உடம்பைத் தூக்கிக்கொண்டு! விரல்களுக்குப் பின்னால் இருந்த தடித்த கொழுப்பு மெத்தையும் எலும்புக்கூட்டில் காணாமல் போயிருக்கிறது. வாய்க்குள்ளும் எட்டிப் பாருங்கள். யானையின் அரைக்கும் பற்கள் நம்முடையவை மாதிரி கீழிருந்து முளைப்பதில்லை. பின்னாலிருந்து முன்னால் நகர்ந்து வரும். முன்னால் இருக்கும் பல் தேய்ந்து உடைந்து விழ, பின்னால் இருப்பது அந்த இடத்துக்கு வரும். வாழ்நாளில் ஆறு தொகுதிப் பற்கள். ஆறாவதும் தேய்ந்துவிட்டால் மெல்ல முடியாது, கிழட்டு யானைகள் பல அப்படித்தான் பட்டினியில் சாகின்றன.

எலும்பு இல்லாமல், தோலும் முடியுமாக நிற்கிற விலங்குகளும் அங்கே உண்டு. பாடம் செய்யப்பட்டவை. “இது நிஜமா, பொம்மையா?” என்று சின்னவர்கள் எல்லோரும் கேட்பார்கள். தோல் நிஜம், உள்ளே இருப்பது ஓர் உருவ அச்சு, கண் கண்ணாடி. “யார் கொன்னாங்க?” என்று அடுத்த கேள்வி வரும். மழுப்பக் கூடாது. பழைய அருங்காட்சியகங்கள் பலவற்றிலும் வேட்டையாடிக் கொண்டுவந்தவை உண்டு. 1972-ல் காட்டுயிர்ப் பாதுகாப்புச் சட்டம் வந்த பிறகு நம் நாட்டில் நினைத்தபடி அப்படிச் செய்ய முடியாது.

அந்தப் பழைய சேகரிப்புகள் ஒரு பறவையினத்தையே காப்பாற்றிய கதையும் உண்டு. பிரிட்டனில் பொரி வல்லூறு என்ற வேட்டைப் பறவையின் எண்ணிக்கை சென்ற நூற்றாண்டின் நடுவில் கிடுகிடுவென்று குறைந்தது. அடைகாக்க உட்கார்ந்தால் தாயின் பாரம் தாங்காமல் முட்டைகள் உடைந்தன. டெரிக் ராட்கிளிஃப் என்பவருக்கு ஒரு சந்தேகம். முட்டை ஓடு மெலிந்துவிட்டதோ? இன்றைய முட்டையை அளந்தால் மட்டும் போதாதே, அதை எதனோடு ஒப்பிடுவது? அவர் பழைய முட்டைச் சேகரிப்புகளைத் தேடிப் போனார். கூட்டிலிருந்து முட்டைகளைத் திருடிச் சேர்ப்பது அந்தக் காலத்து வெள்ளைக்கார கனவான்களின் பொழுதுபோக்கு. பெருமைப்பட ஒன்றுமில்லை. ஆனால் ஒவ்வொரு முட்டைக்கும் எப்போது, எங்கே எடுத்தது என்று சீட்டு எழுதி வைத்திருந்தார்கள். ராட்கிளிஃப் ஓடுகளை எடைபோட்டு, அளந்து, ஆண்டுவாரியாக வரிசைப்படுத்தினார். 1947 வாக்கில் எடை சட்டென்று இறங்குகிறது. இரண்டாம் உலகப் போர் முடிந்து, வயல்களில் டிடிடி என்ற பூச்சிமருந்தைத் தெளிக்கத் தொடங்கிய காலம் அது. பூச்சியைத் தின்ற பறவை, அந்தப் பறவையைத் தின்ற வல்லூறு என்று நஞ்சு ஏறிக்கொண்டே போய், முட்டை ஓட்டில் சுண்ணாம்பு சேர விடாமல் தடுத்திருக்கிறது. 1967-ல் அவர் இதை வெளியிட்டார். 1972-ல் அமெரிக்கா வயல்களில் டிடிடி தெளிப்பதற்குத் தடை போட்டது, மற்ற நாடுகளும் ஒவ்வொன்றாகக் கட்டுப்படுத்தின. வல்லூறுகள் திரும்பி வந்தன.

அந்தச் சீட்டுகள் இல்லாவிட்டால் அந்த முட்டைகள் வெறும் அலங்காரப் பொருள். அதனால் எந்த அருங்காட்சியகத்திலும் பொருளுக்குக் கீழே இருக்கும் சின்ன எழுத்தைப் படியுங்கள். எந்த ஊர், எந்த ஆண்டு, யார் கொடுத்தது. சில இடங்களில் எழுத்து மங்கிப்போயிருக்கும், சில இடங்களில் சீட்டே இருக்காது. எனக்குக் கோபம் வரும் இடம் அதுதான்.

போகும்போது ஒரு நோட்டும் பென்சிலும் எடுத்துப் போங்கள். செல்போனில் படம் எடுத்தால் கண் அடுத்த பெட்டிக்குப் போய்விடும். வரைந்தால் போகாது. படம் அழகாக வர வேண்டியதில்லை. திமிங்கிலத்தின் துடுப்பை வரைய உட்கார்ந்தால்தான் இந்த எலும்பு எங்கே போய்ச் சேருகிறது என்ற கேள்வியே வரும்.

எழும்பூர் தூரம் என்கிறவர்களுக்கு: பெரம்பலூர்ப் பக்கம் சாத்தனூரில் 18 மீட்டர் நீளமுள்ள கல்மரம் ஒன்று திறந்தவெளியில் படுத்திருக்கிறது. திருவக்கரையில் கல்லாக மாறிய அடிமரங்கள் நிறைய இருக்கின்றன. மண்ணுக்குள் புதைந்த மரத்தில் தண்ணீரோடு வந்த சிலிக்கா கொஞ்சம் கொஞ்சமாக ஏறி, மரத்தின் இடத்தைக் கல் பிடித்துக்கொண்டது. அங்கேயிருந்து ஒரு துண்டுகூட எடுத்து வரக் கூடாது. அரியலூர் சுண்ணாம்புக்கல் சுரங்கங்களில் அம்மோனைட் என்ற சுருள் ஓடுகள் கிடைக்கும். கணவாய்க்கும் ஆக்டோபஸுக்கும் சொந்தக்காரப் பிராணியின் ஓடு அது. டைனோசர்கள் அழிந்த 6.6 கோடி ஆண்டுகளுக்கு முந்தைய அந்தப் பேரழிவில் இவையும் போய்விட்டன. இன்று பேருந்து ஓடுகிற அரியலூரில் அன்றைக்குக் கடல் இருந்தது.

எங்கேயும் போக முடியாதா? வீட்டில் கத்தாளை மீன் வாங்கும் நாளில் தலையைத் தூக்கிப் போட வேண்டாம் என்று அம்மாவிடம் சொல்லி வையுங்கள். வெந்த தலையைப் பிரித்தால் மூளைக்குக் கீழே இரண்டு பக்கமும் வெள்ளை வெளேர் என்று ஒவ்வொரு கல் கிடைக்கும். மண் கல் அல்ல, மீனின் உடம்பே செய்துகொண்ட செவிக்கல். மீனுக்குக் கேட்கவும், தலைகீழாகப் போகிறோமா நேராகப் போகிறோமா என்று தெரியவும் உதவுவது. எல்லா எலும்பு மீனுக்கும் உண்டு என்றாலும் கத்தாளைக்குப் பெரிதாக இருக்கும். மீன் வளர வளர இதன்மேல் சுண்ணாம்பு அடுக்கடுக்காகப் படியும். மீன்வள ஆய்வாளர்கள் இதை மெல்லிய சீவலாகத் தேய்த்து, நுண்ணோக்கியில் வைத்து, வளையங்களை எண்ணி மீனின் வயதைக் கணக்கிடுவார்கள். குளிர்கடல் மீன்களில் வளையம் தெளிவாகத் தெரியும், நம் கடல் மீன்களில் எண்ணுவது கொஞ்சம் கடினம்.

கல்லைக் கழுவி, நிழலில் காயவைத்து, ஒரு தீப்பெட்டிக்குள் பஞ்சு வைத்துப் போடுங்கள். கூடவே ஒரு துண்டுச் சீட்டு: மீனின் பெயர், நீளம், எந்த ஊர்ச் சந்தையில் வாங்கியது, தேதி, எடுத்தவர் பெயர். மீனின் நீளத்தைக் குழம்புக்கு நறுக்குவதற்கு முன்பே அளந்துவிட வேண்டும், அப்புறம் முடியாது. சீட்டைப் பென்சிலால் எழுதுங்கள். பேனா மை ஈரம் பட்டால் ஊறிப்போகும்.